நந்தி கல்யாணமும் நமது திரைக்கதையும்

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாதசாமி கோவில் விமானத்தைப் பிரித்துக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (1013) உத்தரவிட்டான். பிரிக்குமுன் சுவரில் இருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில் (1026) புதுச் சுவரில் அவை மீண்டும் வெட்டப்பட்டன. சாசனத்தில் ஒரு சொல் பிசகினாலும் உரிமை போய்விடும். எனவே எழுத்து காப்பாற்றப்பட்டது.

அதே ஊருக்கு ஒரு கதையும் உண்டு. அது பிழைத்துவந்த விதம் வேறு. பங்குனிப் புனர்பூசத்தில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் திருவையாறு. ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் பெற்றோர் ஸ்தானத்தில் உடன்வர, தில்லைஸ்தானம், கடுவெளி, வைத்தியநாதன்பேட்டை வழியாக வந்து கொள்ளிடத்தைத் தாண்டுகிறார்கள். அக்கரையில் மழபாடியார் எதிர்கொண்டு அழைக்கிறார். தாலி கட்டியாகிறது.

இதில் 'அடுத்து என்ன' என்ற கேள்விக்கே இடமில்லை. முடிவு ஊரறிந்தது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று நம்பி வருகிறவர்களுக்கு அந்தத் தாலி சொந்த வீட்டுக் காரியம். ஆனால் கதையாக அதைத் தாங்கி நிற்பவை புறப்பாடு, வழி, குறுக்கே கிடக்கும் ஆறு, எதிர்க்கரையின் காத்திருப்பு. மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசுவதில்லை. இடமும் காலமும் கதை சொல்கின்றன. சினிமா என்ற சாதனத்தின் இலக்கணத்துக்கு இது வெகு அருகில் இருக்கிறது.

1931இல் பேச ஆரம்பித்த தமிழ் சினிமாவோ வீதியை விட்டுவிட்டு நாடகக் கொட்டகையைப் பார்த்தது. முதலில் பாட்டு, பிறகு வசனம். 1937இல் 'அம்பிகாபதி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. படத்தின் புகழில் பெரும்பங்கு இளங்கோவனின் வசனத்துக்குப் போயிற்று. 1952இல் வந்த 'பராசக்தி'யின் வசனம் இசைத்தட்டாகவும் புத்தகமாகவும் தனியே விற்றது. பார்க்காமலே கேட்டுவிடக்கூடிய படம். அந்த வசனத்துக்கு அரசியல் வலிமை இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் 'கதை-வசனம்' என்று சேர்த்தே எழுதிய பழக்கம், நடுவில் திரைக்கதை என்று ஒன்று உண்டு என்பதையே மறைத்துவிட்டது.

நஷ்டத்தை அளக்க ஒரு உதாரணம் போதும். 'மகாமசான'த்தில் மவுண்ட் ரோடு ஓரத்தில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். அருகில் மாம்பழ வியாபாரம். ஒரு குழந்தை பார்க்கிறது. இந்த மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்தத் தெரிந்த புதுமைப்பித்தனிடம் சினிமா கேட்டது வசனம். 'ராஜமுக்தி'க்காகப் புனா போனவர் நோயோடு திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். 1965இல் தன் நாவலைத் தானே படமாக்கி 'உன்னைப்போல் ஒருவ'னைத் தந்த ஜெயகாந்தன் விதிவிலக்காகவே நின்றார்.

எழுத்தாளன் சினிமாவுக்குப் போகலாமா என்பது பழைய சர்ச்சை. எனக்கு அதில் அக்கறை இல்லை. போனவன் அங்கே எதை எழுதுகிறான் என்பதே விஷயம். பாத்திரத்தின் வாயில் வார்த்தையை வைக்குமுன், பல்லக்குக்கும் பந்தலுக்கும் நடுவே ஆறு எங்கே ஓடுகிறது என்று அவன் பார்த்தாக வேண்டும். மழபாடிக்கு வருஷாவருஷம் போகிற கூட்டத்துக்கு இது தெரியும்.