பானையில் ஒரு பாம்பு, கண்ணாடியில் ஒரு பாம்பு

போன மாசம் ஒரு ராத்திரி, ஒரகடத்துல உதிரிபாகக் கம்பெனில வேலை பார்க்கிற என் காலேஜ் நண்பன் போன் பண்ணான்.

"மச்சான், ஒரு பால் பைத்தான் வருது. நாலடி கண்ணாடித் தொட்டி போதுமா? லைட்டு எத்தனை வாட் போடணும்?"

"வருதுன்னா? எங்கிருந்துடா வருது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் தர்றேன்னாரு. நீ முதல்ல தொட்டி சைஸ் சொல்லு."

அவன் இருக்கிறது படப்பைல, வாடகை வீட்டுல, இன்னொருத்தன்கூட ஷேரிங். அவன் கேட்டது ஒரு ஸ்பெக். ஸ்பெக் கேட்டா தேடிக் கொடுக்கிறதுதான் நம்ம தொழில், அதனால தேட உட்கார்ந்தேன். பாம்புக்கு எப்படி வீடு கட்டுறதுங்கிற கேள்விக்கு நம்ம பக்கத்துலயே நாற்பது வருஷத்துக்கு மேல ஒரு பதில் இருக்குன்னு அப்போதான் புரிஞ்சது. படப்பைல இருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியா ஈ.சி.ஆர். பிடிச்சா வடநெம்மேலி. இன்னைக்கு கதை அங்கதான் போகுது.

புற்று என்கிற வீடு

முதல்ல அந்தப் பாம்பு யாருன்னு பார்ப்போம். பால் பைத்தான்ல இருக்கிற 'பால்' நாம புற்றுக்கு ஊத்துற பால் இல்லை, பந்து. பயந்தா தலையை உள்ள வச்சு உடம்பைப் பந்து மாதிரி சுருட்டிக்கும், அதனால அந்தப் பேர். சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும். கானா, டோகோ, பெனின் நாடுகளில் இருந்துதான் உலகச் சந்தைக்கு அதிகமாப் போகுது. வளர்ந்தா பெரும்பாலும் மூணுல இருந்து அஞ்சு அடி. விஷம் கிடையாது.

அங்க அது பகல்ல எங்க தங்கும் தெரியுமா? எலி வளையிலும் கரையான் புற்றிலும். 'கரையான் புற்றெடுக்க கருநாகம் குடிபுகுந்தது போல'ன்னு நம்ம பாட்டிங்க சொன்ன அதே ஏற்பாடு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் நடக்குது. புற்றுக்குள்ள இருட்டு. உடம்பு சுவர்ல படுற அளவுக்கு நெருக்கம். வெளிய வெயில் கொளுத்தினாலும் உள்ள சூடு நிதானமா இருக்கும், காத்துல ஈரம் இருக்கும். பாம்பு தேடுற வீடு இதுதான்.

பெனின் நாட்டுல வீடான்னு ஒரு ஊர். அங்க இந்தப் பாம்புகளுக்குன்னே ஒரு கோயில் இருக்கு. அவ்வப்போது ராத்திரியில அதுங்களை வெளிய விடுவாங்க. ஊருக்குள்ள யார் வீட்டுலயாவது புகுந்துட்டா, அந்த வீட்டுக்காரங்க மரியாதையா எடுத்துட்டு வந்து கோயில்ல விட்டுடுவாங்க. அந்த வீட்டுக்கு வெளிய போற வழி இருக்கு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

கண்ணாடி யாருக்காக?

அப்போ இந்தக் கண்ணாடித் தொட்டி எங்கிருந்து வந்தது? 1849ல் லண்டன் மிருகக்காட்சி சாலை ஊர்வனவற்றுக்கென்று தனிக் கட்டடம் ஒன்றைத் திறந்தது. அந்த வகையில் உலகிலேயே முதல் கட்டடம் அதுதான். டிக்கெட் எடுத்து வர்ற கூட்டத்துக்குப் பாம்பு தெரியணும், ஆனா கடிக்கக் கூடாது. அதுக்குக் கண்ணாடி சரியான பதில். ஆனா அது பார்க்கிறவரோட தேவைக்கான பதில். பாம்போட தேவை அதுக்கு நேர் எதிர், அதுக்கு யார் கண்ணுலயும் படக் கூடாது.

அப்புறம் வெளிநாட்டு வியாபாரிகள் இன்னொரு வீடு கண்டுபிடிச்சாங்க. அலமாரி டிராயர் மாதிரி அடுக்கடுக்கா பிளாஸ்டிக் பெட்டிகள். 1990களுக்கு அப்புறம் பல நிறத்துல பால் பைத்தான் குட்டிகளை உருவாக்கி விக்கிறது பெரிய தொழிலாச்சு. நூத்துக்கணக்கான பாம்பை ஒரே அறையில வைக்கணும்னா டிராயர் வசதி. இருட்டு, நெருக்கம் ரெண்டும் கிடைக்கும். ஆனா பல டிராயர்ல பாம்பு முழுசா உடம்பை நீட்டக்கூட முடியாது.

தொட்டி பார்க்கிறவருக்கு, டிராயர் விக்கிறவருக்கு. மூணாவதா ஒரு வீடு இருக்கு. அது நம்ம மண்பானை.

வடநெம்மேலிப் பானைகள்

இருளர்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துப் பழங்குடி மக்கள். இன்னைக்குத் தொழிற்பேட்டையா இருக்கிற இந்தப் பகுதி முழுக்க ஏரியும் வயலும் புதருமா இருந்தப்ப, வரப்புல இருக்கிற தடத்தைப் பார்த்தே எந்த வளையில என்ன பாம்புன்னு சொல்லக்கூடியவங்க. 1970கள் வரைக்கும் அவங்க பிடிச்சுக் கொடுத்த பாம்புகள் தோலாக மாறி, கைப்பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு போயின. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில வருடங்களிலேயே பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புகளுக்கு அது நல்ல செய்தி. பாம்பு பிடிச்சே பிழைச்ச குடும்பங்களுக்கு ஒரே நாள்ல தொழில் போச்சு. தெரிஞ்ச வேலையைச் செஞ்சாலே குற்றம்.

அந்த நேரத்துல கிண்டி பாம்புப் பண்ணையையும் பிறகு முதலைப் பண்ணையையும் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர் இருளர்களோட சேர்ந்து ஒரு வழி யோசிச்சார். பாம்பைக் கொல்லாம, நஞ்சை மட்டும் எடுத்து வித்தா என்ன? 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது 1998ல். அதுக்கு 20 வருஷம் முன்னாடியே நம்ம மாவட்டத்துல ஆரம்பிச்ச ஒரு 'ஸ்டார்ட்-அப்'னு வச்சுக்கோங்க, முதலாளி இல்லாத ஸ்டார்ட்-அப்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலையும் வனத்துறை அனுமதிச்ச எண்ணிக்கைக்குள்ள பிடிச்சிட்டு வருவாங்க. பதிவேட்டுல எழுதிட்டு, பாதி மணல் போட்ட மண்பானைக்குள்ள விட்டு, வாயைப் பருத்தித் துணியால கட்டிடுவாங்க. அவ்வளவுதான் வீடு. பிளக் பாயிண்ட் கிடையாது, லைட் கிடையாது.

ஒரு இன்ஜினியரா அந்தப் பானையைப் பாருங்க. களிமண் சுவர் ஒளியை விடாது, அதனால இருட்டு. குடிதண்ணிப் பானை ஏன் குளிருதோ, அதே காரணம்தான் இங்கயும்: சுவர்ல நுண்துளைகள் இருக்கு, ஈரம் இருந்தா ஆவியாகி உள்ள குளுமையா இருக்கும். துணி காத்தை விடும், பாம்பை விடாது. வளைவான சுவர்ல சாஞ்சு சுருண்டு படுத்துக்கலாம். வளைக்கும் புற்றுக்கும் ரொம்பக் கிட்ட வர்ற வீடு, குயவர் சக்கரத்துல செஞ்சது.

எடுத்த நஞ்சை உலர வச்சுப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு விப்பாங்க. அவங்க அதைச் சின்னச் சின்ன அளவுல குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்துல உருவாகிற எதிர்ப்புப் பொருளை வச்சு விஷமுறிவு மருந்து தயாரிப்பாங்க. 2000ல் இருந்து 2019 வரைக்குமான கணக்கை ஆராய்ஞ்ச ஒரு ஆய்வு, இந்தியாவுல வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் பாம்புக் கடியில இறந்ததா மதிப்பிட்டுச்சு. நாட்டுல அந்த மருந்துக்குப் போற நஞ்சுல பெரும்பங்கு பல வருஷமா இந்தப் பானைகள்ல இருந்து வந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுக்கு அப்புறம் வருது. ஒரு பாம்பு பானைல இருக்கிறது சுமார் மூணு, நாலு வாரம்தான். அதுக்குள்ள சில தடவை நஞ்சு எடுப்பாங்க. பிறகு வயித்துச் செதில்ல ஒரு சின்ன அடையாளம் வெட்டி, காட்டுல விட்டுடுவாங்க. சீக்கிரமே அதே பாம்பு மறுபடி கையில கிடைச்சா அடையாளத்தைப் பார்த்து விட்டுடலாம். அடுத்த சில தடவை தோல் உரிச்சதும் அடையாளமும் போயிடும்.

பானை சின்ன வீடுதான். நிரந்தர வீடுன்னா அது கொடுமை. மூணு வாரத்துக்கு அது சத்திரம். பாம்பு வீட்டுக்கு அளவு அடியில மட்டும் இல்லை, நாள்லயும் இருக்கு. நண்பன் கேட்ட ஸ்பெக்ல விட்டுப்போன எண் அதுதான்.

ஃபுளோரிடா சொல்ற பாடம்

நாள் கணக்கை மறந்தா என்ன ஆகும்? அமெரிக்காவுல செல்லப் பிராணியா வாங்கின பர்மிய மலைப்பாம்புகள் வளர்ந்து தொட்டிக்குள்ள அடங்கலை. சிலது தப்பிச்சது, சிலதைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்துல அதுங்க பெருகி அங்கிருந்த சின்ன விலங்குகளைக் காலி பண்ண ஆரம்பிச்சது. 2017ல் அதுங்களைத் தேடிப் பிடிக்க அங்க வரவழைக்கப்பட்டவங்க யார் தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன். இருளர்கள்! கையில ஒரு கம்பியோட, தடம் பார்த்தே பிடிச்சாங்க. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது.

யாரோ ஒருத்தர் யோசிக்காம வாங்கின தொட்டியோட கணக்கை, பானைக்காரங்க கடல் தாண்டிப் போய்த் தீர்த்து வச்சாங்க.

சரி, தொட்டி சைஸ் என்ன?

நண்பனுக்கு நான் சொன்னது இது. வளர்ந்த பால் பைத்தானுக்கு நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். மூணு பக்கம் மறைச்சிடணும். ஒரு ஓரம் 31, 32 டிகிரி, மறு ஓரம் 25ல் இருந்து 27. எங்க இருக்கலாம்னு அது முடிவு பண்ணட்டும். ரெண்டு ஓரத்துலயும் உடம்பு சுவர்ல உரசுற மாதிரி ஒவ்வொரு மறைவிடம். பக்கவாட்டுல வாய் வெட்டி, விளிம்பைத் தேய்ச்ச மண்பானை போதும். ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம், எப்பவும் தண்ணிக் கிண்ணம், பூட்டு வச்ச மூடி. சூடேத்துற எதுவா இருந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாம போடாதே, வயிறு வெந்துடும். வெளிநாட்டு வீடியோல எல்லாரும் சூடேத்துறதைப் பத்தியே பேசுவாங்க; படப்பைல மே மாசம் உன் பிரச்சினை குளுமை. ஏ.சி. போட்டா ஈரம் போயிடும், கரண்ட் போனா ஏ.சி.யும் போயிடும்.

அப்புறம் காகிதம். நல்ல பாம்பு, நம்ம ஊர் மலைப்பாம்பு எல்லாம் வீட்டுல வச்சா குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், ஆனா சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள்படி பரிவேஷ் தளத்துல பதிவு கட்டாயம், கை மாறினாலும் தெரிவிக்கணும். பாங்காக்ல இருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டிக்குள்ள அடைச்சு வந்த பால் பைத்தான்கள் பல தடவை பிடிபட்டிருக்கு. பிடிபடாம வந்ததுல ஒண்ணு உன் தொட்டிக்கு வரலாம்.

கடைசியா ஒரு கேள்வி கேட்டேன். "டேய், இது இருபது, முப்பது வருஷம் உயிரோட இருக்கும். உன் வீட்டு அக்ரிமெண்ட் எத்தனை மாசம்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பதினொண்ணு."

மறுநாள் அவன் அந்தத் 'தெரிஞ்சவர்'கிட்ட பதிவுக் காகிதம் கேட்டிருக்கான். அவர் அதுக்கு அப்புறம் போனே எடுக்கலையாம். இவனுக்கு வருத்தம்தான், தொட்டிக்கு அட்வான்ஸ் வேற கொடுத்துட்டான். அதுல இப்போ மீன் விடப்போறானாம். எனக்கு அந்தப் பாம்பை நினைச்சாத்தான் வருத்தம். அது எங்கயோ ஒரு டிராயர்ல, அடுத்த பதினொரு மாச வீட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கும்.

ஏற்கெனவே வீட்டுல ஒண்ணு வச்சிருக்கீங்கன்னா, முதல்ல பதிவைச் சரி பாருங்க, அப்புறம் அந்தப் பானையை வைங்க. வைக்கலைன்னா, ஒரு ஞாயித்துக்கிழமை வடநெம்மேலி போய் வரிசையா துணி கட்டின பானைகளைப் பாருங்க.