பேராக் ஆற்றின் விக்டோரியா பாலம்

பேராக் வரலாற்றை எழுதுவோர் ஈயத்துக்கு ஓர் அத்தியாயமும் ரப்பருக்கு ஓர் அத்தியாயமும் ஒதுக்குவர். இரண்டையும் இணைத்து நிற்கும் பாலத்தையோ ஒரே வரியில் கடந்துவிடுவர். கோல கங்சாருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே, காராய் என்னும் சிற்றூரில் பேராக் ஆற்றைத் தாண்டும் விக்டோரியா பாலமே அது.

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை எட்டு மைல் தூரத்துக்குப் போடப்பட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்துக்காகப் பின்னர் ஈப்போவிலிருந்து தெலுக் அன்சனுக்கு (இன்றைய தெலுக் இந்தான்) வேறொரு பாதை வந்தது. இரண்டும் தத்தம் துறைமுகத்தையே நோக்கின. நடுவே பெரிய ஆறு கிடந்தது. அதைக் கடக்க 1897 டிசம்பரில் தொடங்கிய வேலை 1900 மார்ச்சில் முடிந்தது. செங்கல் தூண்கள், அவற்றின்மேல் முக்கோண முக்கோணமாகப் பின்னிய எஃகுச் சட்டங்கள், நீளம் ஏறக்குறைய 350 மீட்டர், ஒற்றைத் தண்டவாளம். பொறியாளர் ஃபிரையர், ஹான்சன் ஆகியோரின் பெயர்களும், திறந்துவைத்த சுல்தான் இத்ரிஸின் பெயரும் வரலாற்றில் நிலைத்துள்ளன. மண் சுமந்தவர், கல் அடுக்கியவர் பெயர்கள் அவ்வாறு நிலைக்கவில்லை.

பாலம் கட்டப்பட்டது ஈயத்துக்காகத்தான். ஆனால் அதனால் மிகுதியும் பயன் பெற்றது ரப்பரே என்பது என் கருத்து. 1877-இல் கோல கங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர் கன்றுகள் இவ்விடத்துக்குச் சில மைல் தொலைவிலேயே வளர்ந்தன. பாலம் திறந்த அடுத்த பத்தாண்டுகளில் தோட்டங்கள் காடுகளை விழுங்கின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள், பிறையில் ரயிலேறித் தெற்கே வந்தனர். சுங்கை சிப்புட்டுக்கோ ஈப்போவுக்கோ ரயிலில் போவோர் இந்தப் பாலத்தைத் தாண்டியே ஆகவேண்டும். தோட்டப்புறத்தார் ‘கம்பிச் சடக்கு’ என்று வழங்கிய அந்தப் பாதையில், கங்காணியின் பின்னால் வந்த எத்தனையோ குடும்பங்கள் மலாயாவில் கண்ட முதற் பேராறு இதுவாகவே இருந்திருக்கும்.

அதே பாலத்தை எதிர்த்திசையில் கடந்த காலமும் உண்டு. 1941 டிசம்பரில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர், 1932-இல் திறக்கப்பட்ட கோல கங்சார் இஸ்கந்தர் சாலைப் பாலத்தைத் தகர்த்தனர். அடுத்து ஜப்பானியர் ஆட்சி. 1942-43-இல் சயாம்-பர்மா இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். ஆற்றுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள ஊர்களிலிருந்து வடக்கே போன ரயில்கள் பேராக் ஆற்றைத் தாண்ட வேறு வழியில்லை. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. இப்பாலத்தைக் குறித்துப் பேசும்போது அழகிய நிழற்படத்தோடு இதையும் சொல்லவேண்டாமா?

நூற்றாண்டு கடந்தபின் ஒற்றைத் தண்டவாளம் காலத்துக்குப் போதாமற்போயிற்று. பழைய சட்டங்களைப் பிரித்து அதே இடத்தில் புதிது எழுப்பவில்லை. பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் ஒன்று கட்டினர். 2002-இல் ரயில்கள் அதற்கு மாறின. பழையதை இடித்து இரும்புக்கு விற்றிருக்கலாம். விற்காமல் விட்டது நல்ல காரியம். பின்னர் ஈப்போவுக்கு வடக்கே இரட்டைப் பாதையும் அமைந்தது. 2015 முதல் பாடாங் பெசார் வரை மின்சார ரயில் ஓடுகிறது. காராயைத் தாண்டும்போது சன்னலோரம் அமர்ந்திருப்பவர் விழித்திருந்தால், சில வினாடிகள் அந்தச் செங்கல் தூண்களைக் காணலாம்.