சென்னையில் பத்து நாள்: பிரிந்த குடும்பங்கள் சந்திப்புக்குக் கணக்குப் போடும் விதம்

விசா விண்ணப்பத்தில் எங்கள் பயணத்துக்குச் 'சுற்றுலா' என்று பெயர். 2023இல் நானும் அம்மாவும் சென்னைக்குப் போனது அண்ணாவைப் பார்க்க. பதினொரு வருடங்களாக அவரது முகத்தை அம்மா தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தார்.

அண்ணா பிரான்சில் அகதி அந்தஸ்துப் பெற்றவர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தின்படி வழங்கப்படும் பயண ஆவணத்தைக் கொண்டு, தான் தப்பி வந்த நாட்டுக்குப் பொதுவாகத் திரும்ப முடியாது. திரும்பினால் அந்தஸ்தே கேள்விக்குள்ளாகலாம். எனவே மூன்றாவது நாடு ஒன்றில்தான் சந்திக்க வேண்டும். மொழி, சாப்பாடு, தூரம் மூன்றையும் பார்த்துப் பல குடும்பங்கள் தமிழகத்தைத் தெரிவு செய்கின்றன.

பாதையும் விசாவும்

பலாலியிலிருந்து சென்னைக்கான விமான சேவை 2019இல் தொடங்கி, கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. வடக்கிலுள்ளவர்களுக்குக் கட்டுநாயக்காவரை போகும் பஸ் செலவும் ஓர் இரவுத் தங்கலும் இதனால் மிச்சம். காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்தியாவுக்கு இணையவழி விசா எடுக்கலாம். அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் வசிக்கும் நாட்டில் வழமையான முறையில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விசா கையில் வருமுன் யாரும் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

பணம் வந்த வழிகள்

முதலாவது சீட்டு. மாதம் 10,000 ரூபா, இருபது பேர், மொத்தம் 2 இலட்சம். ஆறாவது மாதம் 40,000 ரூபா கழிவு கூறி எடுத்தேன். கையில் கிடைத்தது 1,60,000. மீதிப் பதினான்கு மாதமும் கட்டினேன். கழிவுக்கு வட்டி என்ற பெயர் இல்லாததால் அது செலவாகவே மனதில் படுவதில்லை.

இரண்டாவது நகை. அம்மா இரண்டு வளையல்களை வங்கியில் ஈடு வைத்தார். "பிள்ளை, அண்ணாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். வட்டி உயர்ந்திருந்த காலம் அது. மீட்க ஒன்றரை வருடம் எடுத்தது.

நாங்கள் தொடாதது நுண்கடன். வாராவாரம் தவணை கேட்கும் கடனை எடுத்துவிட்டுப் பத்து நாள் ஊரில் இல்லாமல் இருந்தால், தவணை பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். குழுவில் பிணை நிற்பவர் அவர்தான். 2018இல் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதிக்கவும், வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் அரசுக்கு நேர்ந்தது. பிழைப்புக்கு எடுத்தவர்களையே அந்தக் கடன் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

மறைத்த கணக்கு

மூன்றாம் நாள் அண்ணா கேட்டார்: "அம்மா, வளையல் எங்கை?"

"களவு பயம் எண்டு வீட்டில வைச்சிட்டு வந்தனான்."

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தி.நகருக்குக் கூட்டிப்போய் அம்மாவுக்கு இரண்டு பட்டுச்சேலை வாங்கினார். ஊர் திரும்பிய பிறகுதான் அண்ணி சொன்னார்: ஹோட்டல் அறைகள், வாடகைக் கார், சேலை எல்லாம் கடன் அட்டையில். அந்த நிலுவையைத் தீர்க்க அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளிலும் உணவகத்தில் வேலை செய்தாராம்.

அவருக்குக் கஷ்டமில்லை என்று நாங்கள் நினைத்தோம். எங்களுக்குக் குறை தெரியக்கூடாது என்று அவர் நினைத்தார். அறை எடுக்காமல் ஒரு சிறு வீட்டைப் பத்து நாளுக்கு வாடகைக்கு எடுத்திருந்தால் அம்மா அவருக்குச் சமைத்தும் கொடுத்திருப்பார். அதைத்தான் இருவரும் விரும்பினார்கள். அதை யாரும் கேட்கவில்லை.

புறப்படுமுன் பேச வேண்டியவை

- திகதியைக் குறிக்குமுன் உச்சத் தொகையைக் குறியுங்கள். அதில் எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் என்று இரு பக்கமும் ஒரே தாளில் எழுதட்டும்.
- விமானம், தங்குமிடம், சாப்பாடு, மருந்து, உடுப்பும் அன்பளிப்பும் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகை வையுங்கள். கணக்கு உடைவது பெரும்பாலும் கடைசியில் உள்ளதில்.
- நாணய மாற்றத்துக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாவைத் தொட்டது.
- தையல் இயந்திரம், மாடு, வள்ளம் போன்ற உழைப்புக்கான பொருளை விற்காதீர்கள்.
- திரும்பி வந்த பின் ஒரு மாதச் செலவைத் தொடாமல் வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்த சந்திப்புக்கு இப்போது சேர்க்கிறோம். இம்முறை கடன் அட்டை இல்லை, ஈடு இல்லை. மாதாமாதம் சேர்ந்த தொகையைக் குடும்ப வட்சப் குழுவில் போடுகிறோம். அம்மாவின் கையில் வளையல் இருக்கிறது. வீடியோ அழைப்பில் அண்ணா முதலில் பார்ப்பது அதைத்தான்.