காரணம் கூறும் கடமை: இன, சாதி விவாதங்களும் கருத்துரிமைக் கட்டுப்பாடும்

முன்னுரை

1856-இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூல் திராவிட மொழிக்குடும்பத்தைச் சான்றுகளோடு விளக்கியது. மொழியியற் சொல்லாக அந்நூலில் நிலைபெற்ற ‘திராவிடம்’ பின்னர் இனத்தையும் அரசியலையும் குறிக்கும் சொல்லாக விரிந்தது. அவ்விரிவு இலக்கியத்தினுள் புகுந்தபோது இராமாயணம் பற்றிய மறுவாசிப்புகள் தோன்றின. அவற்றைத் தொடர்ந்து தடைகளும் வழக்குகளும் தோன்றின. இன்று இனம், சாதி பற்றிய விவாதங்கள் பெரிதும் இணையவெளியில் நிகழ்கின்றன. அங்கு எதைப் பேசலாம், எதை நீக்கலாம் என்னும் வினா பலராலும் எழுப்பப்படுகிறது. நீக்குவோர் அதற்குரிய காரணத்தைக் கூறக் கடமைப்பட்டவரா என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. தமிழில் தோன்றிய நூலொன்றின் வழக்கு இவ்வினாவிற்கு முன்னரே விடை தந்துள்ளமையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சட்டப் பின்னணி

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153-அ பிரிவு 1898-இலும், 295-அ பிரிவு 1927-இலும் சேர்க்கப்பட்டன. முன்னது வகுப்பினரிடையே பகைமை வளர்த்தலையும், பின்னது சமய உணர்வைத் தீய நோக்குடன் புண்படுத்தலையும் குற்றமாக்கின. 1961-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழி, 153-அ பிரிவில் சமயம், இனம், மொழி, சாதி ஆகியன வெளிப்படையாகச் சுட்டப்பட்டன. 2024 சூலை 1 முதல் இவ்விரு பிரிவுகளின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299 ஆகிய பிரிவுகள் நடைமுறையில் உள்ளன.

இவை எழுதியவரைத் தண்டிப்பன. எழுத்தையே பறிமுதல் செய்யும் அதிகாரம் 1922-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99-அ பிரிவாக இடம்பெற்றது. அதனைச் செலுத்தும் அரசு, தான் கொண்ட கருத்திற்கான காரணங்களை ஆணையிலேயே குறிப்பிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். காரணம் கூறப்படாவிடின் எதனை மறுத்து வழக்காடுவது என்பது விளங்காமற் போகும். ஆகவே முதல் விதியே இரண்டாவது உரிமைக்கு அடித்தளம் எனலாம்.

தடையுற்ற காப்பியம்

புலவர் குழந்தை இயற்றிய ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்தது. இராவணனைத் தமிழ்த் தலைவனாக நிறுத்தி, மரபுவழிச் செய்யுளில் ஐந்து காண்டங்களாக அமைந்த காப்பியம் இது. சென்னை மாகாண அரசு 1948-இல் இதனைத் தடை செய்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகள் ஒரு தலைமுறைக் காலமாகும். அக்காலத்தில் அக்காப்பியத்தைப் பாராட்ட விழைந்தோரும் மறுக்க விழைந்தோரும் ஒருசேர வாய்ப்பிழந்தனர். தடை ஒரு நூலின் குறைகளைப் போக்குவதில்லை. அக்குறைகளை எடுத்துக்காட்டும் திறனாய்வையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. அன்றியும், இத்தடையை விதித்ததும் அரசாணை, நீக்கியதும் அரசாணை. ஆட்சி மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு அப்பால் நிலைத்த நெறி எதனையும் இது தரவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் விடை

அந்நெறி பெரியாரின் நூல் வழியே வடநாட்டில் உருவாயிற்று. ஆரியர், திராவிடர் என்னும் பகுப்பின் அடிப்படையில் இராமாயண மாந்தரைத் திறனாய்ந்த அவரது தமிழ் நூல் 1959-இல் ஆங்கிலத்திலும், 1968-இல் ‘சச்சி ராமாயண்’ என இந்தியிலும் வெளிவந்தது. இந்தி நூலை வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். 1969 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு இவ்விரு பதிப்புகளையும் பறிமுதல் செய்தது. பிற்சேர்க்கை ஒன்றில் பக்க எண்களையும் பகுதிகளையும் அட்டவணையாக்கித் தந்த அரசாணை, அவை எவ்வாறு குற்றமாகின்றன என்பதைக் கூறவில்லை.

1971-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அவ்வாணையை நீக்கியது. அரசு மேல்முறையீடு செய்தது. 1976 செப்டம்பர் 16-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பகுதிகளைச் சுட்டுவது வேறு, காரணம் கூறுவது வேறு என்பதே அதன் மையம். காரணத்தைப் படிப்போர் ஊகித்தறிய வேண்டும் என்னும் அரசின் வாதம் ஏற்கப்படவில்லை. 1961-இல் ஹர்நாம் தாஸ் வழக்கில் கூறப்பட்ட நெறியும் இதுவே. நூலின் கருத்து சரியா, தவறா என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை. நெருக்கடி நிலையும் செய்தித் தணிக்கையும் நிலவிய காலத்தில் இத்தீர்ப்பு வெளிவந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

அச்சமும் ஆட்சியும்

எதிர்ப்பு எழும் என்னும் அச்சம் தடைக்குத் தக்க காரணமாகுமா என்பதற்கு மற்றொரு தமிழ்ப் படைப்பு விடை தந்தது. கவிஞர் வாலியின் கதையில் உருவான ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் திரைப்படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமரிசித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் ஆயம் அதன் தணிக்கைச் சான்றிதழை நீக்கியது. 1989 மார்ச்சு 30-இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. வன்முறை அச்சுறுத்தலைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது. அதனைக் காப்பது அரசின் கடமை. இயலாமையைச் சாக்காகக் கூறுதல் தகாது என்பது தீர்ப்பின் சாரம். பெரியாரின் நூலுக்குக் கிடைத்த பாதுகாப்பு, இடஒதுக்கீட்டுக்கு மாறுபட்ட படத்திற்கும் கிடைத்தது. கருத்தின் சார்பு நோக்காமல் செயற்படுவதே நெறியின் இயல்பு.

ஐதராபாத்து நிகழ்வுகள்

கிழக்கே மல்லாபூர் முதல் மேற்கே கச்சிபௌலி வரை பரந்த ஐதராபாத்து மாநகரம் அண்மைக்காலத்தில் இந்நெறி இருவேறு வகையில் நடத்தப்பட்டதைக் கண்டது. அந்நகரின் அறிஞர் காஞ்சா ஐலய்யா வணிகச் சமூகம் ஒன்றைப் பற்றி எழுதிய இயல், தெலுங்கில் தனி நூலாகப் பரவியபோது அவர் அச்சுறுத்தலுக்கு ஆளானார். அதனைத் தடைசெய்யக் கோரிய மனுவை 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2018 சூலையிலோ, தொலைக்காட்சி விவாதத்தில் இராமன் குறித்துப் பேசிய திரைத் திறனாய்வாளர் கத்தி மகேஷையும், அவரை எதிர்த்த பரிபூர்ணானந்தாவையும் காவல்துறை அடுத்தடுத்து ஆறு திங்களுக்கு நகரைவிட்டு வெளியேற்றியது. முதல் நிகழ்வில் கருத்து காக்கப்பட்டது. இரண்டாவதில் கருத்தாளர் இருவருமே அகற்றப்பட்டனர். விவாதம் விடையின்றி நின்றது.

இணையவெளியில் காரணம்

கட்டுப்பாடே கூடாது என்பது இவற்றின் பொருளன்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) அவர்களைப் பொதுப்பார்வையில் இழிவுபடுத்துதலையும் அவர்கள்மீது வெறுப்பு வளர்த்தலையும் தண்டிக்கிறது. இணையத்தில் ஏற்றிய காணொளிக்கும் இது பொருந்தும் என 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. சாதியை விமரிசித்தலும் சாதியால் ஒருவரை இழித்தலும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டுவதற்கே காரணம் தேவைப்படுகிறது.

2015 மார்ச்சு 24-இல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. இணையப் பக்கங்களை முடக்கும் 69-அ பிரிவை நிலைநிறுத்தியது. காரணங்கள் எழுத்தில் பதியப்பட வேண்டும் என்பது அதற்குரிய நியாயங்களுள் ஒன்று. ஆயின், 2009-ஆம் ஆண்டின் முடக்க விதிகளுள் 16-ஆவது விதி இந்நடவடிக்கைகளை மறைவாக வைக்கப் பணிக்கிறது. பதியப்பட்ட காரணம் எழுதியவரைச் சென்றடையாவிடின் 1969-ஆம் ஆண்டின் பிற்சேர்க்கையைவிட அது எவ்வாற்றானும் மேம்பட்டதாகாது. இதற்கு மாறாக, ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட பயனர்களையுடைய சமூக ஊடகங்கள் தாமாகப் பதிவை நீக்கும்போது காரணத்தை அறிவித்து மறுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என 2021-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இவ்விடத்து நிறுவனத்தின்மீது சுமத்தப்பட்ட கடமை, முடக்க ஆணையிடும் அரசின்மீது அதே அளவிற் சுமத்தப்படவில்லை.

முடிவுரை

‘இராவண காவியம்’ தடையுற்ற வரலாறு, ஆட்சியாளர் விருப்பத்தை மட்டும் சார்ந்த முடிவின் நிலையாமையைக் காட்டுகிறது. 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு காரணம் கூறுதலைச் சடங்காகக் கொள்ளாமல் உரிமையின் உயிராகக் கொண்டது. நூலைப் பறிப்போர்க்கு அன்று விதிக்கப்பட்ட கடமை, பதிவை முடக்குவோர்க்கும் உரியதே. காரணம் வெளிப்பட்டால் அது சரியெனின் ஏற்கப்படும், தவறெனின் மறுக்கப்படும். மறைக்கப்பட்டால் இழித்துரைத்தவரும் ஆராய்ந்துரைத்தவரும் ஒரே தன்மையராகத் தோன்றுவர்.