புகையிலையின் இரண்டு கணக்குகள்

தென்மராட்சியின் கொடிகாமம், கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடும் சந்தி. தேங்காயும் பலாப்பழமும் குவியும் சந்தையூர். 1905ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் கொழும்புக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியபோது அதன் பாதையும் இவ்வூரின் வழியே சென்றது. குடாநாட்டின் விளைபொருள்கள் தெற்கே போன அவ்வழியில் புகையிலைக்கும் சுருட்டுக்கும் தனியிடம் இருந்தது.

புகையிலை நம் மண்ணில் தோன்றிய பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் அதனைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருவாரியாக ஏற்றுமதியாயிற்று. அங்கே அரசே புகையிலை வாணிகத்தை ஏகபோகமாக நடத்திப் பெரும் பொருள் ஈட்டியது. திவான் மாதவராவ் காலத்தில், 1863இல், அவ்வேகபோகம் ஒழிந்தது. கல்வீடும் சீதனமும் பிள்ளைகளின் படிப்பும் பலருக்கு இவ்விலையால் வாய்த்தன. வரலாறு எழுதியோர் பதிந்துவைத்த கணக்கு இதுவே.

மற்றொரு கணக்கு உழைத்தவர் உடலில் எழுதப்பட்டது. துலா மிதித்து நீர் இறைத்தவரும், குழை தாட்டு மண்ணைப் பண்படுத்தியவரும், பொச்சுமட்டை எரித்து இலைக்குப் புகையூட்டியவரும் பெரும்பாலும் நிலமற்ற கூலிகளே. ஈர இலையைக் கையாள்வோரின் தோல் வழியே நிக்கொட்டீன் உடலுள் ஊறி, தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாக்கும் என்பதை இன்றைய மருத்துவம் அறியும். சுருட்டுக் கொட்டில்களிலோ ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் சுற்றியபடியே கேட்கும் வழக்கம் இருந்தது. உலகச் செய்தியெல்லாம் அறிந்த அத்தொழிலாளிக்கு, கையிலுள்ள இலை தன் குருதியில் என்ன செய்கிறது என்று வாசித்துக் காட்ட அன்று ஏடு இருக்கவில்லை.

அறிவு மெல்ல மெல்லவே வந்தது. மூளையின் அடியில் நாடிகள் வளையமாக இணைந்திருப்பதை ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ் 1664இல் விளக்கினார். ஜெர்மனியில் 1828இல் நிக்கொட்டீன் பிரித்தெடுக்கப்பட்டது. மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலை வெளியிட்டார். நாடிகளின் அமைப்பு தமிழில் அச்சேறியபோதும், புகையிலை அவற்றுக்கு இழைக்கும் தீங்கு தெளிவாக இன்னும் நூறாண்டு கழிய வேண்டியிருந்தது.

உடலின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 பங்கு அதற்கு வேண்டும். நிக்கொட்டீன் அதிரினலின் சுரப்பைத் தூண்டுகிறது. நாடித்துடிப்பு விரைகிறது, குருதியழுத்தம் ஏறுகிறது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு குருதியில் பிராணவாயுவின் இடத்தைக் கவர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய்களின் உட்சுவர் சிதைந்து கொழுப்புப் படிகிறது. குருதி எளிதில் உறைகிறது. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடின் அல்லது வெடிப்பின் பாரிசவாதம் நேர்கிறது. விதியென்றும் வினையென்றும் நம் முன்னோர் நொந்துகொண்ட நோய்க்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் பிரேமிங்காம் நகர மக்களைப் பல்லாண்டு கவனித்த ஆய்வு, புகைத்தல் பாரிசவாதத்துக்கு ஒரு காரணம் என்பதை 1988இல் உறுதிப்படுத்தியது. புகைத்தலைக் கைவிட்டோரின் ஆபத்து ஐந்தாண்டுகளில் புகைக்காதவரின் அளவுக்குக் குறைவதையும் அது கண்டது. இழந்த நலனை மீட்கலாம் என்னும் இச்செய்தியே மக்களை முதலில் எட்டவேண்டும்.

இலங்கை 2003இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றது. 2006இல் சட்டமும் இயற்றியது. அவ்வுடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை புகையிலை விளைவிப்போருக்கும் தொழிலாளருக்கும் மாற்று வாழ்வாதாரம் வேண்டும் என்கிறது. கடையில் தடுப்பது மட்டும் போதாது. கொடிகாமம் போன்ற சந்தைகளுக்கு வேறு பயிர் கொண்டுவரும் தோட்டக்காரனுக்கு நியாயவிலையும், நிலமற்ற கூலிக்கு வேறு வேலையும் உறுதியாக வேண்டும். இலையால் வந்த செல்வத்தைப் பகிர்ந்துகொள்ளாதவன், அதை ஒழிக்கும் செலவை மட்டும் தனியே சுமக்க வேண்டுமென்பது நீதியாகாது.