பளபளத்த காரும் பதுங்கியிருந்த குறையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை. பாடசாலைக்குப் போகும் அவசரம். காரைதீவுச் சந்தி தாண்டி நிந்தவூர்ப் பக்கம் கொஞ்சத் தூரம்தான் போயிருப்பேன். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் லைற், பிறகு ஒரு சிவப்பு லைற். கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிட்டது. சைக்கிளில் வந்த என் மாணவர்கள் இரண்டு பேர் நின்று, "சேர், தள்ளவா?" என்று கேட்டார்கள். "இல்ல தம்பி, இது தள்ளினா ஸ்டார்ட் ஆகிற கார் இல்ல" என்றேன். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். அன்று முதலாம் பாடம் எனக்குத் தவறிப்போனது.

காரின் பெயரை எழுதமாட்டேன். 2021 கடைசியில் வாங்கிய பாவித்த கார். முத்து வெள்ளை நிறம், அலோய் சில்லு, பெரிய திரை. பார்த்தவர்கள் எல்லாம் "மாஷா அல்லாஹ், சேருக்கு நல்ல வாகனம் ஒண்டு" என்றார்கள். நான்கு வருடத்தில் அது எனக்கு வைத்த செலவைக் கூட்டிப் பார்க்கும் தைரியம் இன்றுவரை வரவில்லை. கடைசியாகக் கியர்பொக்ஸுக்குக் கேட்ட காசு என் மூன்று மாதச் சம்பளத்தை விடக் கூட.

அன்று கராஜில் காத்திருந்தபோது, முன்பு ஹயர் ஓடிய ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எண்பது வயது தாண்டியவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "மகன், எங்கட காலத்துக் காரும் நிண்டதுதான். ஆனா ஏன் நிண்டதெண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு வசனம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

அவர் ஓடியது மொரிஸ் மைனர். 1948 இல் இங்கிலாந்தில் வந்த கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். உலகம் முழுவதும் 16 இலட்சத்துக்கு மேல் விற்றது. இலங்கையில் டாக்டர், பிரக்டர், பெரிய வாத்தியார், போடியார் வீடுகளின் அந்தஸ்தாக இருந்தவை மொரிஸும் ஒஸ்டினும் போன்ற பிரித்தானியக் கார்களே. நம் பக்கத்தில் கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போனதும், பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அவற்றில்தான்.

அவையும் வருத்தம் இல்லாத வாகனங்கள் அல்ல. மைனரின் மின்சாரப் பெற்றோல் பம்ப் திடீரென்று அடிக்காமல் விட்டுவிடும். பொன்னட்டைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப ஓடும். முன் சில்லைத் தாங்கும் மூட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் அது கழன்று சில்லு சாய்ந்துவிடும். ஆனால் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு காபரேற்றர், ஒரு கொயில், நான்கு பிளக். குறையை ஒளித்து வைக்க அந்தக் காரில் இடம் குறைவு.

அந்தக் கார்கள் ஏன் நம் தெருக்களில் அவ்வளவு காலம் ஓடின என்பதற்குப் பலர் சொல்லும் பதில், "அந்தக் காலத்துச் சாமான் தரம்" என்பது. அது பாதி உண்மை. மீதிப் பாதி டொலர்க் கணக்கு. 1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் கடுமையானது. கார் மட்டுமல்ல, செத்தல் மிளகாய், வெங்காயம் வரை தடை. புதுக் கார் வராத நாட்டில் பழைய கார் சாகக்கூடாது. டிங்கர் பாஸ் தகரத்தை வெட்டி ஒட்டினார், லேத் பட்டறைக்காரர் இல்லாத பார்ட்ஸைக் கடைந்தார். நம் கரையோரத்தில் உப்புக் காற்று வேறு. கீழ்த்தட்டு உக்கிப்போகும், திரும்ப ஒட்டுவார்கள், திரும்ப உக்கும்.

கதவு மூடியிருந்த அந்தக் காலத்தில் விலையும் காரின் தரத்தைப் பார்த்து ஏறவில்லை. வேறு கார் இல்லை என்பதால் ஏறியது. எட்டாம் கை, ஒன்பதாம் கை மாறிய காருக்கும் ஆள் வந்தது. "எஞ்சின் எப்படி?" என்று கேட்டால், "ஓடுதுதானே, விருப்பமெண்டா எடுங்க" என்பதுதான் பதில்.

நமக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவிலும் பல ஆண்டுகள் கதவு மூடித்தான் இருந்தது. சென்னையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பனி 1985 இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற காரை இறக்கியது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1977 இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய அழகு. உள்ளே வைத்தது பழைய வான்கார்ட் காரின் வழிவந்த, காலம் கடந்த எஞ்சின். வெளியே ராஜா, உள்ளே கிழவர். விலை கூட, பெற்றோல் குடி கூட. சில வருடங்களில் உற்பத்தியே நின்றது. தெருவில் நிறுத்தினால் கூட்டம் கூடும், ஓட்டினால் வீட்டுக்காரர் அழுவார் என்ற வகை. என் காருக்கு அது பெரிய நானா முறை.

1977 இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல பிரித்தானியக் கார் போய் ஜப்பான் கார் வந்தது. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று வருடத்தில் முதல் பரிசோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அதற்குச் செலவு அதிகம். ஆகவே பலர் நல்ல நிலையிலேயே விற்றுவிட்டுப் புதியது எடுக்கிறார்கள். அவை ஏலத்துக்குப் போய், கப்பலேறி, நம்மிடம் 'ரீகண்டிசன்' என்று வருகின்றன. சவூதி, கட்டார் காசும் லீசிங்கும் சேர்ந்தபோது மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை வீட்டு முற்றங்களில் கார் நின்றது. இதில் தப்பில்லை. ஒரு சமூகம் ஒரு படி ஏறிய கதை அது.

பிறகு ஹைபிரிட் காலம். 2010களில் வரிச் சலுகையால் அவை குவிந்தன. அழகும் இருந்தது, பெற்றோல் மிச்சமும் இருந்தது. ஆனால் பொன்னட்டைத் திறந்தால் பிளாஸ்ரிக் மூடி மட்டும்தான் தெரியும். பெரிய பெற்றரி, இன்வேட்டர், கணினி கட்டுப்படுத்தும் கியர்பொக்ஸ் எல்லாம் பூட்டிய பெட்டிகள். பெற்றரிக்குள் வரிசையாகப் பல செல்கள். அதில் சில பலவீனமானால் முழுப் பெற்றரியும் மக்கர். பின் சீற்றுக்குப் பக்கத்தில் அதைக் குளிராக்கும் காற்றாடி ஒன்று இருக்கும். அதன் வாயில் தூசி அடைத்தால் பெற்றரி சூடாகிச் சீக்கிரம் சாகும். மணல் பறக்கும் நம் ஊரில் இதைச் சொல்லித் தந்தவர் எத்தனை பேர்? ஒரு தட்டுத் தட்டி ஓட்டிய காலம் முடிந்து, ஸ்கேன் அடித்தால்தான் வருத்தம் தெரியும் காலம் வந்தது. பார்ட்ஸுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை. அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் இன்னொரு காரில் கழற்றியது. அதன் வயது யாருக்குத் தெரியும்?

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2013 கடைசி தொடக்கம் 2014 ஒக்டோபர் வரை, சுமார் ஒரு வருடத்தில், ஹொண்டா கம்பனி தன் புதிய ஃபிட் ஹைபிரிட் காரை ஐந்து தடவை மீள அழைத்தது. வெசலும் அந்த அழைப்புகளில் அகப்பட்டது. 2014 பெப்ரவரியில் கியர்பொக்ஸ் மென்பொருளுக்காகச் சுமார் 81,000 வாகனங்கள். ஒக்டோபரில் நான்கு இலட்சத்துக்கு மேல். அப்போது தலைவர் தகனோபு இட்டோ மூன்று மாதத்துக்குத் தன் சம்பளத்தில் 20 வீதத்தை வெட்டிக்கொண்டார். (என்னுடையது அந்தக் கம்பனிக் கார் அல்ல, யாரும் கொமெண்டில் ஊகிக்க வேண்டாம்.)

அந்தக் கம்பனி கெட்டது என்று சொல்ல இதை எழுதவில்லை. மறுபக்கம்தான் எனக்கு முக்கியம். குறையை அவர்களே வெளியே சொன்னார்கள், பத்திரிகை முன் நின்று சொன்னார்கள், தங்கள் செலவில் திருத்தினார்கள். ஆனால் அந்த அறிவித்தல் போவது ஜப்பானில் பதிவான உரிமையாளருக்கு. ஏலத்தில் விலைப்பட்டுக் கப்பலேறிய காருக்குப் பின்னால் கடிதம் கடல் தாண்டி வராது. இடையில் கை மாற்றியவர்கள் சொன்னால்தான் நமக்குத் தெரியும். உண்மையின் சங்கிலி அறுந்த இடம் அதுதான்.

2020 மார்ச்சில் கதவு திரும்பவும் மூடியது. கொரோனா, டொலர் இல்லை, வாகன இறக்குமதித் தடை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோல் வரிசை, கியூஆர் எல்லாம் நாம் அனுபவித்ததே. பாவித்த கார் விலை தங்கம் மாதிரி ஏறியது. வருடம் போகப் போக விலை ஏறுகிற காரை உலகத்தில் வேறெங்கே பார்க்கலாம்? நான் வாங்கியது அந்த நேரம். "இண்டைக்கு எடுக்காட்டி நாளைக்கு இன்னும் ரெண்டு இலட்சம் கூடும் சேர்" என்றார் புரோக்கர். மீற்றர் குறைவாகக் காட்டியது. ஸ்கேன் அடித்துப் பார்க்கக் கேட்க வெட்கமாக இருந்தது. ஏனென்றால் எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நிற்பதாகச் சொன்னார்கள். 1960களில் "விருப்பமெண்டா எடுங்க" என்றார்களே, அதே வசனம். கார் மட்டும் மாறியிருந்தது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகர்லோஃப் 1970 இல் ஒரு கட்டுரை எழுதினார். பேசுபொருள் பாவித்த கார்ச் சந்தை. குறையுள்ள காரை அங்கே 'எலுமிச்சை' என்பார்கள். விற்பவனுக்குக் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைப்பான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்காமல் விலகுவான். கடைசியில் சந்தையில் எலுமிச்சைதான் மிஞ்சும். முதலில் மூன்று சஞ்சிகைகள் அதை மறுத்தன. 2001 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நான் நினைக்கிறேன், இறக்குமதிக் கதவு மூடும்போது இது இன்னும் மோசமாகிறது. வாங்குபவன் சந்தேகித்தாலும் விலகிப்போக வேறு இடம் இல்லை. விற்பவனுக்கு உண்மை சொல்லும் தேவையும் இல்லை.

நமக்கு இந்தப் பாடம் 1970 இல் வந்ததல்ல. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். ஒளித்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமும்கூட. கார் என்று வந்தால் மட்டும் அது எப்படி மறந்துபோகிறது? "கார் யாவாரம் அப்படித்தான்" என்று எப்போது ஒத்துக்கொண்டோம்?

2025 பெப்ரவரியில் கதவு திரும்பத் திறந்தது. வரி கடுமை, ஆனாலும் புதியது வருகிறது. என் காரை விற்க முடிவு செய்தேன். ஒரு புரோக்கர் சொன்னார்: "சேர், ஸ்கேன் மெஷினால லைற்ற அழிச்சிடுவம். ஒரு கிழமைக்கு வராது. அதுக்குள்ள குடுத்திடலாம்." பொய் சொல்லமாட்டேன், ஒரு இரவு முழுக்க யோசித்தேன். எனக்கும் அப்படித்தானே தந்தார்கள்? லீசிங் இன்னும் முடியவில்லை. உம்மாவின் மருந்துச் செலவு வேறு.

பார்க்க வந்தவர் ஒரு இளம் தம்பி. கட்டாரில் இருந்து வந்து இரண்டு மாதம். புதிதாகக் கலியாணம் முடித்தவர். காரைச் சுற்றிப் பார்த்து முகம் மலர்ந்து நின்றார். 2021 இல் நான் நின்ற அதே நிலை. கராஜ் பில்களை அவர் கையில் கொடுத்தேன். கியர்பொக்ஸ் கதையையும் காரைதீவுச் சந்திக் கதையையும் சொன்னேன். புரோக்கர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தம்பி அன்று எடுக்கவில்லை. கார் இன்னும் என் முற்றத்தில் நிற்கிறது. ஓடும் நாளில் ஓடுகிறேன், மற்ற நாளில் பஸ். விற்கும் நாளில் நட்டம்தான் வரும் என்று தெரியும். ஆனால் அந்தப் பெரியவர் சொன்னது போல, ஏன் நிற்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். வாங்கப்போகும் ஆளுக்கும் தெரியும்.

வாங்க இருப்பவர்களுக்கு ஒரு வாத்தியாரின் வேண்டுகோள். ஏல அறிக்கையைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த பாஸைக் கொண்டு ஸ்கேன் அடியுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். விற்க இருப்பவர்களுக்கு: ஈரத்தை மேலே வையுங்கள்.

உங்கள் வாப்பாமார், மாமாமார் ஓடிய கார் எது, யாரிடம் வாங்கினார்கள், எத்தனை வருடம் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் போடுங்கள். நம் ஊர்ச் சரித்திரத்தில் அதுவும் ஒரு பக்கம்தான்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக.