எஃப்.ஏ. சித்தியடையாதவர் கேம்பிரிட்ஜுக்குப் போன கதை

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த இராமானுஜன் கதையில் ஒரு பெரிய பாய்ச்சல் இருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு ஏழைப் பெடியன், கணக்கில் புலி, ஹார்டிக்கு ஒரு கடிதம், அடுத்த வசனத்தில் கேம்பிரிட்ஜ். நடுவில் வந்த விதிகளையும் விண்ணப்பங்களையும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. பல்கலைக்கழகம் மாறவோ பாடநெறி மாறவோ போகிற நண்பர்களுக்கு "முன்தேவைப் பாடம் செய்யேல்லை, அதால ஏலாது" என்ற பதில் கிடைப்பதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

1904 இல் அவர் புலமைப்பரிசிலோடு கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். பட்டப்படிப்புக்குப் போக முன்னர் எஃப்.ஏ. என்றொரு பரீட்சையைத் தாண்ட வேண்டும். அதில் கணிதம் மட்டும் போதாது, எல்லாப் பாடமும் சித்தியடைய வேண்டும். ஆங்கிலக் கட்டுரையில் கோட்டைவிட்டார், புலமைப்பரிசில் போயிற்று. 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றார். அங்கே உடற்றொழிலியல் காலை வாரியது. 1907 இலும் அதே கதைதான். இத்தனைக்கும் அந்தக் கட்டமைப்பு இவரைக் குறிவைத்துச் செய்யப்பட்டதில்லை. ஒரே பாடத்தில் மாட்டுப்பட்டுப் படிப்பை விட்டவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்காக யாரும் கடிதம் எழுதவில்லை.

1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுதுவினைஞர் வேலை. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது. ஹார்டியின் பதில் வந்த பிறகுதான் ஊரில் அசைவு தொடங்கியது என்று பலரும் எழுதுவார்கள். அது பாதி உண்மை. வானிலைத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணிதவியலாளரும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பிரச்சினை என்னவென்றால், அங்கே ஆய்வுப் புலமைப்பரிசில் முதுகலைப் பட்டதாரிகளுக்கு உரியது. இவரிடம் எஃப்.ஏ. கூட இல்லை. சிண்டிகேட் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், பல்கலைக்கழகத்தை உருவாக்கிய சட்டத்தின் முகவுரையை எடுத்துக் காட்டினார்: ஆய்வை ஊக்குவிப்பதும் இந்த நிறுவனத்தின் வேலை என்று அதிலேயே இருக்கிறதே! விதி தடுத்த இடத்தில், விதிக்கு மேலே இருந்த சட்டம் கைகொடுத்தது. மாதம் 75 ரூபாய் கிடைத்தது. சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தை யாரோ ஒருவர் பொறுமையாக வாசித்திருக்கிறார். இந்தக் கதையில் எங்களுக்கு மிகப் பிடித்த ஆள் அவர்தான்.

கேம்பிரிட்ஜிலும் கதவு ஏற்கனவே கொஞ்சம் திறந்துதான் இருந்தது. வேறு பல்கலைக்கழகப் பட்டதாரிகள் ஆய்வு மாணவர்களாக வந்து, தங்கி ஆராய்ந்து பட்டம் பெறலாம் என்ற ஏற்பாடு 1895 இல் வந்தது. நியூசிலாந்திலிருந்து ரதர்போர்ட் அந்த வருடம் போனது அந்த வழியால்தான். ஆனால் அதற்கும் கையில் ஒரு பட்டமோ சான்றிதழோ வேண்டும். 1914 தொடக்கத்தில் விரிவுரை நிகழ்த்தச் சென்னை வந்த நெவில், இராமானுஜனைச் சந்தித்துப் பேசிச் சம்மதிக்க வைத்தார், பணத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதினார். சென்னை வருடத்துக்கு 250 பவுண் தந்தது, ட்ரினிட்டி கல்லூரி 60 பவுண் சேர்த்தது. மார்ச் 17 இல் கப்பல் ஏறினார். உரிய தகைமை இல்லாமலே ஜூன் மாதம் ஆய்வு மாணவராகப் பதிந்தார்கள்.

விதி தளர்ந்தது, சரி. அதால விடுபட்ட படிப்பு தானாக நிரம்பிவிடாது. இதைச் சொல்லாமல் "மேதைக்குச் சான்றிதழ் எதற்கு" என்று முடிக்கிற முகநூல் பதிவுகள் எங்களுக்கு எரிச்சலைத் தருகின்றன. இராமானுஜன் கற்றது பெரும்பாலும் கார் என்பவருடைய தேற்றத் தொகுப்பிலிருந்து. ஐயாயிரம் அளவில் முடிவுகள், நிறுவல் மிகக் குறைவு. சிக்கலெண் சார்புகள் பற்றிய கோட்பாடு அவருக்குத் தெரியாது. அதன் விலை ஹார்டிக்கு எழுதிய கடிதங்களிலேயே தெரிகிறது: பகா எண்களின் பரம்பல் பற்றி அவர் சொன்ன முடிவு பிழை. ஸீட்டா சார்புக்குச் சிக்கலெண் மூலங்களே இல்லை என்பதுபோல நினைத்ததால் வந்த பிழை அது என்று லிட்டில்வுட் கண்டுகொண்டார்.

ஹார்டிக்கு இது பெரிய சங்கடம். ஒழுங்காக முதலாம் ஆண்டிலிருந்து படிப்பிக்கலாம், ஆனால் அந்த மனிதரின் தன்னம்பிக்கை உடைந்துபோகலாம். ஒன்றுமே படிப்பிக்காமல் விட்டால், நிறுவல் என்றால் என்ன என்றே தெரியாமல் இருந்துவிடுவார். ஆகவே இடையிடையே, தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்டதைச் சொல்லிக் கொடுத்தார். தான் அவருக்குக் கற்பித்ததைவிட அவரிடமிருந்து கற்றது அதிகம் என்று ஹார்டி பின்னர் எழுதினார். இதைத் தன்னடக்கம் என்று மட்டும் நாங்கள் எடுக்கவில்லை. முன்தேவை இல்லாமல் வந்த ஒரு மாணவருக்காக ஆசிரியர் தன் பாடத்திட்டத்தையே மாற்றியமைத்தார் என்பதும் அதில் இருக்கிறது.

1916 மார்ச்சில், உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வுக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் அப்போது முனைவர் பட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. 1918 இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். எஃப்.ஏ. மட்டும் கடைசிவரை சித்தியடையவேயில்லை.